ரெய்னியர் மலையைச் சுற்றி 11 நாள்: வொண்டர்லேண்ட் ட்ரெயிலுக்குத் திட்டம் போடுவது எப்படி

ரெய்னியர் மலையைச் சுற்றுகிற வொண்டர்லேண்ட் ட்ரெயில் என்ற நடைபாதையைத் தேடினால் கிடைக்கிற பழைய திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். லாங்மையரில் தொடங்கு, மோவிச் ஏரியில் முன்கூட்டியே காரில் கொண்டுபோய் வைத்த முதல் சாப்பாட்டு வாளியை எடு, சன்ரைஸ் பக்கம் இரண்டாவது வாளியை எடு, சுற்றி முடித்து லாங்மையருக்கே வா. பல வருடம் இது நன்றாகத்தான் வேலை செய்தது, இப்போது செய்யாது. மோவிச் ஏரிக்கும் கார்பன் ரிவர் பக்கத்துக்கும் கார் போகிற ஒரே வழியில் இருந்த ஃபேர்ஃபாக்ஸ் பாலத்தை 2025 ஏப்ரலில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். 1921-இல் கட்டிய ஒற்றை வழி இரும்புப் பாலம், துருப்பிடித்து எடை தாங்காத நிலைக்கு வந்துவிட்டது. நடைபாதை மோவிச் ஏரி வழியாகத்தான் இன்னும் போகிறது, ஆனால் அங்கே உங்களுக்காக யாரும் காரில் சாப்பாடு கொண்டுவந்து வைக்க முடியாது, கால் பிசகினால் அங்கிருந்து காரில் ஏறி வீட்டுக்கும் போக முடியாது. அதனால் திட்டத்தையே வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

முதலில் பாதையைப் பற்றி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 14,410 அடி (4,392 மீட்டர்) உயரத்தில் நிற்கிற எரிமலை மவுண்ட் ரெய்னியர். அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவில் இதைவிட அதிகப் பனியாறுகள் போர்த்திய மலை வேறு கிடையாது. வொண்டர்லேண்ட் ட்ரெயில் இந்த மலையின் உச்சிக்குப் போவதில்லை, அடிவாரத்தையும் இடுப்பையும் ஒட்டி ஒரு முழுச் சுற்று, 93 மைல், அதாவது சுமார் 150 கிலோமீட்டர். கயிறோ மலையேற்றப் பயிற்சியோ தேவையில்லை. ஆனால் தூரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உச்சியிலிருந்து பனியாறுகள் எல்லாப் பக்கமும் இறங்கி ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்து வைத்திருக்கின்றன, பாதை ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இறங்கி, ஆற்றைத் தாண்டி, எதிர்ப்பக்க முகட்டில் ஏறி, மறுபடியும் இறங்குகிறது. முழுச் சுற்றில் ஏறுகிற ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 22,000 அடிக்கு மேல் வரும், அது கடல்மட்டத்திலிருந்து ரெய்னியர் உச்சிக்கு ஒன்றரை முறை ஏறுவதற்குச் சமம். இறக்கமும் அதே அளவு, முட்டிக்குத் தெரியும்.

மலையும் பாதையும் இருக்கிற தேசியப் பூங்காவின் நிர்வாகம் 10 முதல் 14 நாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஏழு நாளில் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஒரே மூச்சில் ஓடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது. முதல் முறை இவ்வளவு நீளமாக நடக்கிறவர்களுக்கு 11 நாள் என்பது என் கணக்கு.

எப்போது போவது

ஜூலை கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடு வரை. அவ்வளவுதான், இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. ஜூன் மாதம் கோடை விடுமுறை என்பதால் போகலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு எண்ணைப் பார்த்தால் போதும்: மலையின் தெற்குச் சரிவில் 5,400 அடியில் இருக்கிற பேரடைஸ் என்ற இடத்தில் 1971-72 பருவத்தில் 1,122 அங்குலம், அதாவது 28 மீட்டருக்கும் மேல் பனி பெய்திருக்கிறது. சாதாரண வருடத்திலும் 15 மீட்டர் தாண்டும். இவ்வளவு பனி உருக நேரம் எடுக்கும். ஜூன் கடைசியில்கூட உயரமான பகுதிகளில் பாதையே கண்ணுக்குத் தெரியாது, ஆற்றின் மேல் போடுகிற மரப்பாலங்களும் சில இடங்களில் அப்போதுதான் போடப்படும்.

ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கம் என்றால் காட்டுப்பூக்கள் உச்சத்தில் இருக்கும், கூடவே கொசுவும். ஆகஸ்ட் பின்பாதியில் கொசு குறையும், ஆனால் காட்டுத்தீப் புகை வந்து மலையே தெரியாமல் போகிற வருடங்களும் உண்டு. செப்டம்பர் முதல் இரண்டு வாரம் கூட்டம் குறைவு, ஹக்கிள்பெர்ரி பழுத்திருக்கும், இரவுகள் குளிரும், நாள்கணக்கில் விடாத மழையோ உயரத்தில் புதுப்பனியோ வர வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் முதல் மூன்று வாரம். கொசுவுக்கு மருந்து இருக்கிறது, புதுப்பனிக்கு இல்லை.

பெர்மிட்: உண்மையான திட்டம் இங்கேதான் தொடங்குகிறது

இந்தப் பாதையில் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. ஒவ்வொரு இரவும் எந்த கேம்ப்பில் தூங்கப்போகிறீர்கள் என்று பெர்மிட்டில் எழுதியிருக்கும், அங்கேதான் தூங்க வேண்டும். பாதையோரத்தில் 18 காட்டு கேம்ப்புகள், அதோடு கார் வரக்கூடிய மூன்று பொது முகாம்கள் என்று வைத்திருந்தார்கள் (மோவிச் ஏரி அந்த மூன்றில் ஒன்று). ஒவ்வொரு கேம்ப்பிலும் சில இடங்கள்தான், ஒரு இடத்தில் அதிகபட்சம் 5 பேர். ஆறு முதல் 12 பேர் என்றால் குழு இடம் வேண்டும், அது எல்லா கேம்ப்பிலும் இல்லை. ஆக, "ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் நடப்போம், சாயங்காலம் எங்கே வருகிறோமோ அங்கே தங்குவோம்" என்ற கதை இங்கே நடக்காது. கேம்ப் எங்கே கிடைக்கிறதோ அதுதான் உங்கள் நாளின் நீளம்.

முன்பதிவு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில். பிப்ரவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஒரு குலுக்கலுக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிற விஷயம் ஒன்று: குலுக்கலில் ஜெயித்தால் பெர்மிட் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மற்றவர்களுக்கு முன்னால் பதிவு செய்ய உங்களுக்கு ஒரு தேதியும் நேரமும் தருகிறார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் தளத்துக்குள் போய், மீதி இருக்கிற கேம்ப்புகளை வைத்து, இரவு இரவாக நீங்களே கோர்க்க வேண்டும். சீக்கிரமான நேரம் கிடைத்தவர்கள் ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள், பின்னால் வருகிறவர்கள் இருப்பதை வைத்துச் சமாளிப்பார்கள். குலுக்கலில் வராதவர்களுக்கு ஏப்ரல் கடைசியில் பொதுப் பதிவு திறக்கும்.

அதனால் உங்கள் நேரம் வரும்போது கையில் ஒரே ஒரு அட்டவணையோடு உட்காராதீர்கள். குறைந்தது மூன்று தொடக்கத் தேதிகள், ஒவ்வொரு இரவுக்கும் முதல் விருப்பமும் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற கேம்ப்பும், வலச்சுற்று ஒன்று, இடச்சுற்று ஒன்று என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் முதலில் தீர்ந்துபோவது இந்தியன் பார், சம்மர்லேண்ட், மிஸ்டிக் போன்ற கேம்ப்புகள்தான், எனவே அட்டவணையை முதல் நாளிலிருந்து நிரப்பாமல் இவை எந்தத் தேதியில் காலி என்று பார்த்துவிட்டு அங்கிருந்து முன்னும் பின்னும் கோர்ப்பது புத்திசாலித்தனம்.

எதுவும் கிடைக்கவில்லையா? எல்லா இடங்களையும் முன்பதிவுக்குத் தருவதில்லை, ஒரு பங்கை நேரில் வருகிறவர்களுக்கு ஒதுக்கி வைக்கிறார்கள். தொடங்கும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ ரேஞ்சர் (பூங்காக் காவலர்) அலுவலகத்துக்குப் போக வேண்டும். காலையில் கதவு திறக்கும்போது வரிசையில் நின்றால், வார நாளாக இருந்து, எங்கே தொடங்கினாலும் பரவாயில்லை என்று சொன்னால், முழுச் சுற்று கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் விமானத்தில் வருகிறவர்கள் இதை மட்டும் நம்பி டிக்கெட் போட வேண்டாம்.

முன்பதிவு இருந்தாலும் பெர்மிட்டை நேரில் போய்க் குறித்த நேரத்துக்குள் வாங்கிவிட வேண்டும், பிந்தினால் உங்கள் இடம் மற்றவர்களுக்குப் போய்விடும். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி, ஒரு காருக்கு 7 நாளுக்கு 30 டாலர். 2023 முதல் பணத்தாளாக வாங்குவதில்லை, கார்டு கொண்டுபோங்கள். 7 நாளுக்கு மேல் போகிறீர்கள் என்பதால் வருடாந்தர பாஸ் வாங்குவது நல்லது.

எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் சுற்றுவது

மலையைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் லாங்மையர் 7 மணிக்குப் பக்கத்தில், மோவிச் 10 மணிக்கு, கார்பன் ரிவர் 11, 12 மணிக்கு, சன்ரைஸும் வொயிட் ரிவரும் 2, 3 மணிக்கு. இப்போது கார் போகிற இடங்கள் கிழக்கிலும் தெற்கிலும் மட்டும்தான். லாங்மையரிலிருந்து மேற்காக, வடக்காகச் சுற்றிச் சன்ரைஸ் வரும் வரை சுமார் 90 கிலோமீட்டர், நடுவில் கார்ச்சாலை கிடையாது, கடை கிடையாது, சாப்பாட்டு வாளி கிடையாது. மீதிப் பாதி, வொயிட் ரிவரிலிருந்து தெற்காக லாங்மையர் வரை, சுமார் 56 கிலோமீட்டர், இதில் சாலை பல இடங்களில் பாதையை ஒட்டியே வருகிறது.

லாங்மையரில் தொடங்கி வலமாகச் சுற்றினால் ஏழு நாள் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு, உடம்பு பழகாத முதல் நாளே, கடினமான மேற்குப் பக்கத்துக்குள் நுழைகிறீர்கள். புதுச் செருப்புக்கடி, பட்டை உரசுகிற பை, சரியாக எரியாத அடுப்பு எல்லாம் தெரியவருவது முதல் மூன்று நாளில்தான். அது வெளியேற வழியில்லாத இடத்தில் தெரியவருவது நல்லதல்ல. அதனால் வொயிட் ரிவரில் தொடங்கி வலமாகச் சுற்றுங்கள் என்பதுதான் என் யோசனை. முதல் நான்கு நாள் இலேசான பையோடு போய், ஐந்தாம் நாள் காலை லாங்மையரில் சாப்பாட்டு வாளியை எடுக்கிறீர்கள். அங்கே ஒரு விடுதி, உணவகம், சின்னக் கடை, ரேஞ்சர் எல்லாம் உண்டு. பொருந்தாத பொருளை மாற்றலாம், உடம்பு ஒத்துவரவில்லை என்றால் கௌரவமாக அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒத்துவந்தால், பழகிய காலோடு நீண்ட பகுதிக்குள் போகலாம்.

இதில் ஒரு குறை உண்டு, இரண்டாவது நாளே பாதையின் மிக உயரமான இடமான பேன்ஹாண்டில் கேப் (சுமார் 6,800 அடி) வந்துவிடும். வானிலை மோசமாக இருந்தால் சம்மர்லேண்டில் காத்திருக்கவோ திரும்பவோ தயாராக இருக்க வேண்டும். ஆனால் திரும்பினால் அரை நாளில் கார் இருக்கிற இடத்துக்கு வந்துவிடலாம் என்பதால் அதையும் ஒரு வசதியாகவே பார்க்கிறேன்.

நாள் அட்டவணை

தூரங்கள் எல்லாம் சுமார் கணக்கு. பாதையில் பலகைகள் மைலில்தான் இருக்கும்.

முதல் நாள், வொயிட் ரிவரிலிருந்து சம்மர்லேண்ட், 11 கிலோமீட்டர். காட்டுக்குள் மெதுவாக ஏறி, கடைசியில் கொஞ்சம் செங்குத்தாகி, புல்வெளியில் திறக்கும். மர்மோட் என்ற கொழுத்த அணில் வகைப் பிராணிகள் விசில் அடிக்கும், பையைத் திறந்து போட்டுவிட்டு நகராதீர்கள்.

இரண்டாம் நாள், பேன்ஹாண்டில் கேப் தாண்டி இந்தியன் பார், 7 கிலோமீட்டர்தான். சின்ன நாளாக வைத்தது வேண்டுமென்றேதான். ஆகஸ்டிலும் இங்கே பனித்திட்டுகள் கிடக்கும், மேகம் இறங்கினால் எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது, மெதுவாகப் போக நேரம் வேண்டும். மலையாடுகள் தெரிந்தாலும் தெரியலாம். இந்தியன் பாரில் ஒரு பழைய கல் கூடம் நிற்கிறது, அது குழு இடம், தனியாகப் போகிறவர்களுக்கு டென்ட் இடம் எதிர்ப்பக்கம்.

மூன்றாம் நாள் கௌலிட்ஸ் டிவைட் முகட்டில் நடந்து, பிறகு நீளமாக இறங்கி, பாக்ஸ் கேன்யன் தாண்டி மேப்பிள் க்ரீக், 16 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் முகட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் நடப்பீர்கள். நான்காம் நாள் பேரடைஸ் ரிவர் கேம்ப், 10 கிலோமீட்டர், சாலைச் சத்தம் அவ்வப்போது கேட்கும், சுமாரான நாள். ஐந்தாம் நாள் காலை 6 கிலோமீட்டர் இறங்கி லாங்மையர். வாளியை எடுத்து, வயிறாரச் சாப்பிட்டு, மதியம் கனத்த பையோடு 9 கிலோமீட்டர் ஏறி டெவில்ஸ் ட்ரீம்.

ஆறாம் நாள்தான் மேற்குப் பக்கம் தன் குணத்தைக் காட்டுகிற நாள். இந்தியன் ஹென்றிஸ் புல்வெளி, டஹோமா க்ரீக் மேல் தொங்குபாலம், எமரால்ட் ரிட்ஜ் ஏற்றம், சவுத் பியூயாலப் வரை இறக்கம், மறுபடி செயின்ட் ஆண்ட்ரூஸ் ஏரிக்கு ஏற்றம், கடைசியில் கிளபாட்சி பார்க். 16 கிலோமீட்டர் என்று காகிதத்தில் இருக்கும், காலை 7 மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் பையை இறக்குவீர்கள். முடியாது என்று தோன்றினால் சவுத் பியூயாலப்பில் ஒரு இரவு சேர்த்து இந்த நாளை இரண்டாக்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏழாம் நாள் கோல்டன் லேக்ஸ், 12 அல்லது 13 கிலோமீட்டர். எட்டாம் நாள் மோவிச் ஏரி, 16 கிலோமீட்டர், நடுவில் மோவிச் ஆறுகள். இங்கே மரப்பாலங்கள் அடிக்கடி அடித்துப்போகப்படும், கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதிகாரபூர்வமான பாதை இப்சட் கணவாய் வழியாக இறங்குகிறது, காடு, நிழல், பனி குறைவு. இன்னொரு வழி ஸ்ப்ரே பார்க், உயரமானது, பூக்கள் நிறைந்த திறந்த வெளி, ஆனால் பனித்திட்டுகளில் பாதை தேட வேண்டியிருக்கும். வானம் தெளிவாக இருந்தால் ஸ்ப்ரே பார்க், மூட்டமாக இருந்தால் இப்சட். இரண்டுமே கார்பன் ரிவர் பள்ளத்தாக்கில் சேரும் என்பதால், அன்றிரவு கார்பன் ரிவர் கேம்ப் என்று பெர்மிட்டில் இருந்தால் காலையில் வானத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

பத்தாம் நாள் தொங்குபாலம் தாண்டி, கார்பன் பனியாற்றை ஒட்டி ஏறி மிஸ்டிக், 8 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். அலாஸ்கா தவிர்த்த அமெரிக்காவில் இவ்வளவு தாழ்வாக இறங்கிவருகிற பனியாறு இது ஒன்றுதான், அதன் மேல் கல்லும் மண்ணும் மூடியிருப்பதால் முதலில் பனி என்றே நம்பமாட்டீர்கள். பக்கத்தில் போகாதீர்கள், முனையிலிருந்து பாறைகள் உருண்டு விழுந்துகொண்டே இருக்கும். பதினொன்றாம் நாள் சன்ரைஸ் வரை 14 கிலோமீட்டர், அங்கே கோடையில் சிற்றுண்டிக் கூடம் திறந்திருக்கும், அப்புறம் 5 கிலோமீட்டர் இறக்கம், வொயிட் ரிவரில் கார்.

ஒவ்வொரு நாளுக்கும் நேரத்தைக் கணக்குப்போட ஒரு எளிய வழி: கனமான பையோடு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். முதல் நாளுக்குப் போட்டால் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஓய்வு, படம் எடுப்பது, தண்ணீர் வடிகட்டுவது எல்லாம் சேர்த்து இன்னொரு மூன்றில் ஒரு பங்கு.

சாப்பாடும் எரிவாயுவும்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 650 முதல் 750 கிராம் உலர்ந்த உணவு, சுமார் 3,000 கலோரியாவது. அதற்கு 100 கிராமுக்கு 450 கலோரியாவது தருகிற பொருட்களாக எடுக்க வேண்டும். கொட்டைகள், வேர்க்கடலை வெண்ணெய், சின்னப் பாட்டிலில் எண்ணெய், சீஸ், சாக்லெட், சுடுதண்ணீர் ஊற்றினால் தயாராகிற சாதமும் நூடுல்ஸும். எல்லாமே இனிப்பாக எடுத்துவிடாதீர்கள், நான்காம் நாளே இனிப்பைப் பார்த்தால் குமட்டும், உப்பும் காரமும் உள்ளதாகப் பாதி இருக்கட்டும்.

முதல் பையில் நான்கரை நாள் சாப்பாடு, லாங்மையர் வாளியில் ஏழு நாள், அதில் ஒரு நாள் உபரி. வாளி என்று சொல்வது உண்மையாகவே வாளிதான்: எலி கடிக்க முடியாத கெட்டி பிளாஸ்டிக், மூடியோடு, மேலே பெயரும் எடுக்கும் தேதியும் எழுதி. எரிவாயுவை அதற்குள் வைக்காதீர்கள். விமானத்திலும் கொண்டுவர முடியாது, எனவே சியாட்டில் வந்து இறங்கிய பிறகு வாங்க வேண்டும். தினமும் ஒன்றரை லிட்டர் கொதிக்க வைத்தால் சுமார் 25 கிராம் போகும், 230 கிராம் டப்பா ஒரு ஆளுக்கு எட்டு ஒன்பது நாள் வரும். தீ மூட்டலாம் என்று நினைக்காதீர்கள், காட்டு கேம்ப்புகளில் அனுமதி இல்லை.

காரில் வருகிற வரிசையும் முக்கியம். முதலில் லாங்மையர் போய் வாளியை ஒப்படைத்து, பெர்மிட்டையும் வாங்கிக்கொண்டு, பிறகு ஸ்டீவன்ஸ் கேன்யன் சாலை வழியாக வொயிட் ரிவர் போங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். இதையே தொடங்கும் நாள் காலையில் செய்தால் முதல் நாள் நடை மதியத்துக்கு மேல் தள்ளிப்போகும், முந்தைய நாளே முடித்துவிடுவது உத்தமம்.

கேம்ப்புகளில் கரடிக்குச் சிக்காமல் சாப்பாட்டை மாட்ட உயரமான இரும்புக் கம்பம் இருக்கும், பையை ஒரு நீளக் கோலில் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஐந்து கிலோ பையைத் தலைக்கு மேல் நீட்டிப் பிடிப்பது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை, வலுவான வளையம் உள்ள பையாக இரண்டு கொண்டுபோனால் பாரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். பற்பசை, சோப்பு, கொசு மருந்து எல்லாமே அந்தப் பைக்குள்தான் போக வேண்டும்.

என்ன எடுத்துப்போவது

பெரிய பட்டியல் போடப் போவதில்லை, வழக்கமான பேக்பேக்கிங் பொருட்கள்தான். சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் பை 8, 9 கிலோவுக்குள் இருந்தால், லாங்மையரில் ஏழு நாள் சாப்பாடு ஏற்றியபிறகும் 15, 16 கிலோவில் நிற்கும். அதற்கு மேல் போனால் ஆறாம் நாள் உங்களைத் திட்டவைக்கும்.

கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் மழைச்சட்டையும் தூங்கும் உடையும். பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று நேராக இந்த மலையில்தான் மோதுகிறது. ஆகஸ்டிலும் 7, 8 டிகிரி குளிரில் நாள் முழுக்க மழை பெய்யலாம், உறைபனியைவிட இந்த ஈரக்குளிர்தான் ஆளை வீழ்த்தும். தூங்கும் உடை ஒரு ஜோடியும் ஸ்லீப்பிங் பேக்கும் நீர்புகாத உறைக்குள், என்ன ஆனாலும் நனையாமல் இருக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக் சுழியம் டிகிரி வரை தாங்குவதாக இருக்கட்டும். பருத்தி வேண்டாம். நடைக்கோல் இரண்டு கட்டாயம், இறக்கத்துக்கும் ஆற்றுக்கும். ஜூலையில் போகிறீர்கள் என்றால் காலணியில் மாட்டுகிற சின்ன முள்தகடும் வேண்டும். கொசுவலைத் தொப்பி சில கிராம்தான், எடுத்துவிடுங்கள்.

ஆறுகள்

இந்தப் பாதையில் பயப்பட வேண்டியது கரடிக்கு அல்ல, ஆற்றுக்கு. பனியாற்றிலிருந்து வருகிற தண்ணீர் வெயில் ஏற ஏறக் கூடும், காலை 8 மணிக்கு முட்டிக்குக் கீழே ஓடுவது மாலை 4 மணிக்குத் தொடையைத் தொடலாம், அடியில் பாறைகள் உருள்கிற சத்தமும் கேட்கும். பூங்காக்காரர்கள் மரத்தைச் செதுக்கிப் பாலம் போடுகிறார்கள், ஆறு தடம் மாறி அதை இழுத்துப்போகிறது, மறுபடி போடுகிறார்கள். எனவே பெரிய ஆற்றைத் தாண்டுகிற நாளில் சீக்கிரம் கிளம்புங்கள். பாலம் இல்லை என்றால் அகலமாகப் பிரிந்து ஓடுகிற இடத்தைத் தேடுங்கள், குறுகிய இடம் ஆழமானது. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, காலணியோடு, தண்ணீர் வருகிற பக்கம் சாய்ந்து, ஒரு நேரத்தில் ஒரு அடி. சந்தேகமாக இருந்தால் இறங்காதீர்கள், மறுநாள் காலை வரை காத்திருக்கலாம். அதற்குத்தான் அந்த உபரி நாள் சாப்பாடு.

அந்தத் தண்ணீர் பால் கலந்தது போல இருக்கும், பனியாறு அரைத்த பாறைத்தூள். வடிகட்டியில் ஊற்றினால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் வருகிற தெளிந்த ஓடைகளில் நிரப்பிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை என்றால் பாத்திரத்தில் சில மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை எடுத்து வடிகட்டுங்கள்.

இன்னொன்று, இது எரிமலை. வெயில் நாளிலும் பனியாற்றுக்குக் கீழே திடீரென்று சேறும் பாறையுமாக வெள்ளம் வரலாம். ரயில் வருவது போன்ற உறுமலோ, ஆறு திடீரென்று உயர்வதோ தெரிந்தால் என்ன ஏது என்று பார்த்துக்கொண்டு நிற்காமல், ஓட்டத்தின் திசையில் ஓடாமல், பக்கச் சரிவில் ஏறுங்கள். ஆற்றிலிருந்து குறைந்தது 160 அடி, அதாவது 50 மீட்டர் உயரம் என்பது பூங்கா சொல்கிற கணக்கு.

கிளம்புவதற்கு முந்தைய வாரம்

பாதையின் பெரும்பகுதியில் ஃபோன் எடுக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவி ஒன்று குழுவுக்கு வேண்டும், வாடகைக்கும் கிடைக்கும். அட்டவணையையும் கேம்ப் பெயர்களையும் கார் எண்ணையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் பூங்காவைக் கூப்பிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். "கொஞ்சம் லேட் ஆனா பயப்படாதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் யாருக்கும் பயனில்லை.

வரைபடத்தில் வெளியேறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாக்ஸ் கேன்யன், ரிஃப்ளெக்ஷன் லேக்ஸ், லாங்மையர், சன்ரைஸ். மேற்குப் பக்கத்தில் வெஸ்ட்சைட் ரோடு என்று ஒன்று வரைபடத்தில் தெரியும், ஆனால் அதில் தொடக்கத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டருக்கு மேல் பொதுமக்களின் கார் வராது, மீதியை நடந்தே இறங்க வேண்டும். மோவிச்சை வெளியேறும் இடமாகக் காட்டுகிற பழைய வரைபடமாக இருந்தால் பேனாவால் அடித்துவிடுங்கள்.

பூங்காவின் இணையப் பக்கத்தில் பாதை நிலவரத்தைத் தொடர்ந்து புதுப்பிக்கிறார்கள், எந்தப் பாலம் போயிருக்கிறது, எங்கே பனி இருக்கிறது, எங்கே தீ என்று எல்லாம் இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் அதைப் பாருங்கள், பெர்மிட் வாங்கும்போது ரேஞ்சரிடம் மோவிச் ஆற்றுப் பாலங்களையும் பேன்ஹாண்டில் கேப் பனியையும் பெயர் சொல்லியே கேளுங்கள். பொதுவாக "பாதை எப்படி இருக்கு?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஐந்தாம் நாள் லாங்மையருக்கு வாளி எடுக்கப் போகும்போது மேற்குப் பக்கத்தைப் பற்றி அதே கேள்விகளை இன்னொரு முறை கேளுங்கள். நான்கு நாளில் ஒரு ஆறு தடம் மாறியிருக்கலாம், புதிதாக ஒரு தீ பிடித்திருக்கலாம், அப்படியிருந்தால் மீதி இரவுகளின் கேம்ப்புகளை மாற்றித்தர முடியுமா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள்.